நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

பழைய நாட்காட்டித் தாளில் அட்டை போட்டிருக்கிறேன்,
பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுவதுபோல.
பக்கத்தில் இருப்பவர் தலைப்பைப் படித்துவிட்டு
அரை அங்குலம் நகர்ந்து உட்காரக் கூடாதே.
புவாங்கோக்கில் இறங்குபவனை
எப்படியும் ஒரு பார்வை பார்ப்பார்கள்.

புத்தகம் நான் எடுத்ததல்ல.
அரிசி வாளிக்குப் பின்னால் இருந்தது.
குவீன்ஸ்டவுன் நூலகம், யோகேஸின் அட்டை,
மூன்று முறை புதுப்பித்திருக்கிறாள்.
என்னிடம் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை, கண்டதை.

எழுதியவள் வடக்கே எங்கோ,
குளிர்காலத்தில் சூரியனே வராத ஊரில்
வயலின் சொல்லிக்கொடுக்கிறவள்.
இருட்டு வந்தால் இறங்குகிறாள்,
வெளிச்சம் திரும்பினால் ஏறுகிறாள்.
பழி போட அவளுக்கு வானிலையாவது இருக்கிறது.
எனக்கு?
வருடம் முழுக்க ஏழு மணிக்கு விடிந்து
ஏழு மணிக்கு இருட்டும் தீவு.
பூமத்திய ரேகைக்கு ஒரு விரல் தள்ளி நிற்பவனிடம்
இருதுருவம் என்று சொல்லும்போது
மருத்துவருக்கே சிரிப்பு வந்திருக்க வேண்டும்.
வரவில்லை. எழுதிக்கொண்டார்.

ஏறிய காலத்தில் அவள்
ஒரே இரவில் நான்கு இசைக்கோவைகள் எழுதினாளாம்.
நான் முஸ்தபாவில், விடியற்காலை மூன்று மணிக்கு,
பதினேழு பெட்டிகள் வாங்கினேன்.
சக்கரம் வைத்தவை. எல்லாம் ஒரே நீலம்.
எங்கே பயணம் என்று காசாளர் கேட்டார்.
எல்லா இடத்துக்கும் என்றேன்.
அந்த ராத்திரி நான் எவ்வளவு அழகாக இருந்தேன் தெரியுமா?
யாரும் நம்பமாட்டார்கள். வயலின்காரி நம்புவாள்.
நாற்பத்தோராம் பக்கத்தில் சொல்கிறாள்:
நோய் போகட்டும், வெளிச்சம் மட்டும் இருக்கட்டும் என்று கேட்டேன்,
இரண்டுக்கும் ஒரே சுவிட்ச்.

ரயில் ஃபேரர் பார்க்கில் நிற்கிறது.
நான் தலை நிமிர்வதில்லை.

மாத்திரை உண்மையிலேயே ஒரு வகை உப்புதானாம்.
உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்கிறேன்,
நாளுக்கு மூன்று லிட்டர்,
கை நடுங்கி, கோப்பி பாதி தட்டில்.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை
தாதி சுரைனி ரத்தம் எடுக்கிறார்.
புள்ளி ஏழு, ரொம்ப நல்லது என்கிறார்.
கணக்கில் எப்போதும் தோற்றவனுக்கு
ஒன்றைக்கூடத் தொடாத எண்ணுக்குப் பாராட்டு.

கணவனைப் பற்றி அவள் எழுதியது
மொத்தம் இரண்டு வரி.
பொறுமைசாலி. வாசற்கதவுக்குக் குறுக்கே படுத்துக்கொள்வான்.
புரட்டிப் புரட்டித் தேடினேன், அவ்வளவுதான்.
பெட்டிகளை மூன்று மூன்றாக உருட்டிக்கொண்டு
பேருந்தில் ஆறு நடை போய்,
கெஞ்சி, பணம் வாங்கி வந்தவளை
எந்தப் புத்தகத்தில் தேடுவது?
கைப்பிடி உடைந்த ஒன்றை மட்டும் கடை எடுக்கவில்லை.
அதில் தலையணை உறைகள் வைத்திருக்கிறாள்.

அடையாளத்துக்கு அவள் செருகியிருப்பது
அந்தக் கடை ரசீது.
மை போய் வெறும் வெள்ளைத் துண்டு.
எனக்கு அதன் நீளம் தெரியும்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
அங்கே நின்றுவிட்டாள்.
அடுத்த அத்தியாயத்தின் பெயர்: மறுபடியும்.

நான் ஹவ்காங் வருவதற்குள் அதைத் தாண்டிவிட்டேன்.
தெரிந்துகொண்டதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.
திரும்பும் ரயிலில் ரசீதை உருவி
கடைசி அத்தியாயத்தில் வைத்துப் பார்த்தேன்.
அங்கே வயலின்காரி உயிரோடிருக்கிறாள்,
ஆப்பிள் நறுக்குகிறாள், அவ்வளவுதான் நடக்கிறது.
பிறகு எடுத்து,
நூற்றுப் பன்னிரண்டிலேயே வைத்தேன்.
வாளிக்குப் பின்னால், முதுகு சுவரைப் பார்க்க,
இருந்தது இருந்தபடி.

ராத்திரி யோகேஸ் வாளியைத் திறந்தாள்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
இன்னைக்கு எவ்வளவு என்றாள்.
புள்ளி ஏழு என்றேன்.
நான் அரிசியைக் கேட்டேன் என்றாள்.

அப்போதுதான் நினைவு வந்தது,
நாட்காட்டித் தாளை நான் கழற்றவே இல்லை.